ஒரே ஒரு பாட்டில் ஹோல்டர் உள்ள சைக்கிளில் மூன்று லிட்டர் தண்ணீர்

நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் ஹைபிரிட், எம்டிபி (மவுன்டன் பைக்) சைக்கிள்கள் பலவற்றில் பாட்டில் ஹோல்டர் மாட்ட ஒரே ஒரு ஜோடி ஓட்டைதான் இருக்கும். கியர் இல்லாத சாதா சைக்கிளில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஒரு பாட்டிலில் 750 மி.லி. பிடிக்கிறது என்றால், சித்திரை வெயிலில் அது ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுபவருக்கு 13 மணி 30 நிமிட அவகாசம் உண்டு. ஆனால் இருட்டோடு புறப்பட்டால் வழியில் டீக்கடைகூடத் திறந்திருக்காது.

முதலில் கணக்கு. வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. குடிக்க வேண்டியிருக்கும். கடையே இல்லாத நேரம் எவ்வளவு என்று பார்த்து, அதை 750ஆல் பெருக்கி, மேலே அரை லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் என்றால் 2,750 மி.லி., அதாவது கிட்டத்தட்ட மூன்று லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் இதற்குமேல் ஆசைப்படாதீர்கள். நாள் முழுக்கத் தேவையான தண்ணீரைக் காலையிலேயே சுமக்க வேண்டாம், அடுத்த கடை வரைக்கும் போதும்.

இடம் பார்த்தல்

தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும் எடை காலுக்குத் தெரியாது. உயரத்தில் இருக்கும் எடை, எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டும். ஆகவே ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கீழ்க்குழாயில், அதாவது ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்குச் சரிந்து இறங்கும் குழாயில், ஒரு ஹோல்டர் ஏற்கனவே இருக்கும். சீட்டிலிருந்து பெடலுக்கு இறங்கும் சீட் குழாய் காலியாக இருக்கும். அங்கே வெறும் பாட்டிலைக் கையால் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாட்டிலும் இடிக்கக் கூடாது, மேலே உருவவும் இடம் வேண்டும். சின்ன ஃப்ரேமில் உருவ இடம் போதாவிட்டால், பக்கவாட்டில் எடுக்கும் ஹோல்டர் வாங்குங்கள்.

ஓட்டை இல்லாத குழாயில் ஹோல்டர் மாட்டுதல்

தேவை: ஒரு ஹோல்டர், இரண்டு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப், பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட ட்யூபில் ஒரு முழம், இன்சுலேஷன் டேப், ஸ்க்ரூ டிரைவர். ஹோஸ் கிளாம்ப் வேறொன்றுமில்லை, தண்ணீர்க் குழாயிலும் கேஸ் ட்யூபிலும் மாட்டித் திருகும் வளையம்தான். ஹார்ட்வேர் கடையில் ஹோஸ் கிளிப் என்று கேட்டாலும் தருவார்கள்.

1. குழாயை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மணல் ஒட்டியிருந்தால் ரப்பருக்கு அடியில் சிக்கிப் பெயின்ட்டை அரித்துவிடும்.

2. ட்யூபை நீளவாக்கில் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவிவிட்டு, கிளாம்ப் வரப்போகும் இரண்டு இடத்திலும் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். ஹோல்டர் வழுக்கி இறங்காமல் பிடிப்பது இந்த ரப்பர்தான். இதை விட்டுவிட்டு இரும்பை எவ்வளவு இறுக்கினாலும் முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஹோல்டர் கீழே இறங்கியிருக்கும்.

3. ஹோல்டரை வைத்து, குழாய், ரப்பர், ஹோல்டரின் முதுகுத் தகடு மூன்றையும் சேர்த்து நூலால் சுற்றி அளந்து 3.14ஆல் வகுங்கள். 130 மி.மீ. வந்தால் விட்டம் சுமார் 41. இதற்கு 32–50 மி.மீ. கிளாம்ப் சரியாக இருக்கும்.

4. கிளாம்பை முழுசாகத் திறந்து, தகட்டின் மேல் முனைக்கு ஒன்று, கீழ் முனைக்கு ஒன்று என்று போடுங்கள். கியர் கேபிளோ பிரேக் கேபிளோ உள்ளே மாட்டிக்கொள்ளவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகுத் தலை தொடைப் பக்கம் வரக் கூடாது. வந்தால் மிதிக்க மிதிக்கக் கீறும்.

5. இரண்டையும் மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் போதும், நிறுத்திவிடலாம். அலுமினியக் குழாய் மெல்லியது, ஆத்திரத்தில் முறுக்கினால் நசுங்கும்.

6. நீட்டிக்கொண்டிருக்கும் கிளாம்பின் வாலை வெட்டி, வெட்டிய முனைமேல் மூன்று சுற்று டேப் ஒட்டுங்கள். அந்த முனை பிளேடு மாதிரி இருக்கும்.

7. நிறைத்த பாட்டிலை மாட்டி, முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே போடுங்கள். நான்கைந்து முறை செய்து பார்த்தும் ஹோல்டர் அசையாவிட்டால் வேலை முடிந்தது.

கிளாம்ப் கிடைக்காவிட்டால் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை போடலாம். 7.6 மி.மீ. அகலமுள்ள கறுப்பு டையாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் மொறுமொறுத்து ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். கார்பன் ஃப்ரேமில் ஹோஸ் கிளாம்ப் கூடவே கூடாது. எந்த ஃப்ரேமிலும் டிரில் போட்டுப் புது ஓட்டை போடாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பாட்டில் விஷயம்

வழக்கமான ஹோல்டர் 73, 74 மி.மீ. பருமனுள்ள சைக்கிள் பாட்டிலுக்குச் செய்தது. கடையில் வாங்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் அதைவிடப் பருமன், அரை லிட்டர் பாட்டிலோ ஒல்லி. ஒல்லி பாட்டிலுக்கு நடுவில் ட்யூப் துண்டு சுற்றினால் லொடலொடக்காது. பெரிய பாட்டிலுக்கு, அளவை மாற்றிக்கொள்ளும் பெரிய ஹோல்டர் கிடைக்கிறது. எதுவானாலும் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி ஹோல்டரோடு கோத்துவிடுங்கள். வழுவழு பாட்டிலுக்குப் பிடிப்புக் கிடையாது, வேகத்தடையில் துள்ளி ஓடிவிடும்.

முக்கோணத்துக்கு வெளியே

கேரியர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டு லிட்டர் பாட்டிலை நீளவாக்கில் படுக்கவைத்து, ட்யூப் ரப்பரால் முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, குறுக்கே ஒரு பெருக்கல் குறி. தொங்கவிடுவதானால் இரண்டு பக்கமும் சம எடை வேண்டும். குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்த வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேரியர் இல்லாதவருக்கு ஹேண்டில்பாருக்கும் அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே தொங்கும் துணிப்பை நல்லது. எந்த ஓட்டையும் வேண்டாம், ஓட்டிக்கொண்டே எடுக்கலாம். முட்டி இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று போதும். இரண்டு பக்கமும் லிட்டர் கணக்கில் தொங்கவிட்டால் திருப்பத்தில் ஹேண்டில் கனக்கும்.

முன் ஃபோர்க்கில் கட்டுவது புதியவர்களுக்கு வேண்டாம். கட்டு அவிழ்ந்து ஸ்போக்குக்குள் போனால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். வேறு வழியில்லை என்றால் பக்கத்துக்கு அரை லிட்டர், மேலும் கீழும் தனித்தனிக் கட்டு. சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் அதை முழுக்க அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கீழ்க்குழாயின் அடிப்புறம் காலியாகத்தான் கிடக்கும். அங்கே மாட்டினால் முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் சாணியும் நேராகப் பாட்டிலின் வாயில் வந்து படியும். அந்த இடம் டூல்ஸ் டப்பாவுக்குத்தான் லாயக்கு. சீட்டுக்குப் பின்னால் மாட்டும் ஹோல்டர் பார்க்க அழகாக இருக்கும். பாட்டில் பறந்து போனதுகூடத் தெரியாது, தாகம் எடுத்துக் கையை நீட்டும்போதுதான் தெரியும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையில் இரண்டு லிட்டர் பிடிக்கும், ஆனால் கடலோரப் புழுக்கத்தில் முதுகு நனைந்து தோல் உரியும். மலைப்பக்கம் போகும்போது பரவாயில்லை.

குடிக்கும் வரிசை

ஹேண்டிலில் இருப்பதை முதலில் காலி செய்யுங்கள், பிறகு கேரியர், கடைசியில் முக்கோணம். ஃபோர்க்கில் கட்டியிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். ஓஆர்எஸ் கலப்பதற்கு ஒரு பாட்டிலை ஒதுக்குங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். மற்றவை வெறும் தண்ணீராக இருக்கட்டும், தலையில் ஊற்றவும் காயம் கழுவவும் அதுதான் ஆகும்.

புதிதாக மாட்டிய ஹோல்டரை முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமுங்கி, கிளாம்ப் இன்னொரு அரைச் சுற்று கேட்கும். கடலோரத்தில் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறை கழற்றி ரப்பருக்கு அடியில் துடையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் அங்கே தங்கினால், இரும்பு ஃப்ரேமில் துரு வெளியே தெரியாமல் பிடித்துக்கொண்டே போகும்.