பேஸ்மேக்கர் வைத்த அப்பாவைப் பார்த்துக்கொள்வது எப்படி?

அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இதயம் சீராகத் துடிக்க மின்துடிப்பு அனுப்பும் பேஸ்மேக்கர் கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்து வீட்டுக்கு வந்ததும் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். மூன்றாம் மாதமும் அப்படியேதான். "கையைத் தூக்காதீங்க" என்று வார்டில் சொன்னதை வீடே சேர்ந்து காவல் காத்தோம். கடைசியில் தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே ஆள் வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலும் இப்படி ஆக வேண்டாம்.

முதலில் கை. கருவியிலிருந்து போகும் வயரின் நுனி இதயத் தசையில் பிடித்துக்கொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை கருவி வைத்த பக்கத்து முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. அரிசி மூட்டை, தண்ணீர் வாளி தூக்கக் கூடாது. தைப்பூசம் வந்தால் தலையில் பால்குடமும் இந்தத் தடவை வேண்டாம். ஆனால் தோளுக்குக் கீழே கை அசையட்டும். சாப்பிடட்டும், பொத்தான் போடட்டும், தோளை மெல்லச் சுழற்றட்டும். ஆறாவது வாரம் கிளினிக்கில் "இனிமேல் தூக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து புண். தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மஞ்சளும் எண்ணெயும் தடவ வரும் அத்தைகளைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

அப்புறம் நாடி. காலையில் கோப்பிக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். கருவியில் வைத்திருக்கும் குறைந்தபட்சத் துடிப்பு எண்ணைக் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது 60. மளிகைக் கடன் எழுதுகிற 555 நோட்டே நாடியை எழுதி வைக்கப் போதும். நாடி தொடர்ந்து அந்த எண்ணுக்குக் கீழே இருந்தாலோ தலை சுற்றினாலோ கிளினிக்குக்குப் போங்கள். மயங்கி விழுந்தால் உடனே 999-க்கு அழையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எண்ணினால் போதும். அப்பா பத்துத் தடவை எண்ண ஆரம்பித்தபோதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எங்களுக்கு உறைத்தது.

சாமான்களைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். கைப்பேசி கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும், சட்டைப் பையில் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 60 செ.மீ. டிவி, காற்றாடி, மைக்ரோவேவ் பிரச்சினையில்லை. புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டும் முன் கிளினிக்கில் கேளுங்கள். அதன் தோள்பட்டையும் கருவி மேல் உரசும்.

கடைசியாக மனசு. "பயப்படாதீங்க" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதை நினைத்துப் பயம் என்று கேளுங்கள். பேட்டரி திடீரென்று நின்றுவிடும் என்று அப்பா நினைத்திருந்தார். அது பல வருடம் ஓடும், குறைவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றேன். 1958-இல் சுவீடனில் உலகிலேயே முதலாவதாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட ஆர்னே லார்சன் கதையும் சொன்னேன். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது. 20-க்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி, 2001-இல் தன் 86-ஆவது வயதில்தான் இறந்தார். அப்பா சிரித்தார்.

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உயிர் போறப்பவும் இது அடிச்சிக்கிட்டே இருக்குமா? போக விடாதா?"

இல்லை. கருவி சின்ன மின்துடிப்பு அனுப்பும், அவ்வளவுதான். அடங்கிப்போன தசை அதற்குப் பதில் சொல்லாது. இன்னொன்றும் இருக்கிறது. தகனம் செய்வதாக இருந்தால் அதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன். "அப்ப தம்பிகிட்டேயும் சொல்லி வை" என்றார். அன்றிரவு தூங்கினார்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை என்றால் வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) சொல்லுங்கள், மனநல உதவி எண் 15555-க்கும் அழைக்கலாம்.

அவருடைய வேலையில் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது கோழிகள். நேற்று 555 நோட்டில் நாடி 64-க்குக் கீழே அவர் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "தீவனம் 2 கிலோ."