கியூபெக் முன்னோரைத் தேடும்போது குடும்பப்பெயரை மட்டும் நம்பாதீர்கள்

தாத்தா பிறந்தது மாசசூசெட்ஸில். குடும்பப்பெயர் கிங். வீட்டில் பிரெஞ்சு பேசினார்கள் என்ற நினைவு மட்டும் மிச்சம். அவருடைய பேரன், கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் தேவாலயப் பதிவேடுகளில் 'கிங்' என்று எத்தனை நாள் தேடினாலும் கொள்ளுத்தாத்தா கிடைக்க மாட்டார். 1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களில் பலருடைய பெயர் மாறிப்போனது. 'அரசன்' என்று பொருள்படும் ருவா, கிங் ஆனது. 'வெள்ளை' என்று பொருள்படும் லெப்லான், வைட் ஆனது. புவாவேர், அதாவது பச்சை மரம், கிரீன்வுட் ஆனது.

சரி, ருவாவைப் பிடித்துவிட்டோம், இனி நேர்வழிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கியூபெக்கில் ஒரே ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர் இருப்பது சகஜம். நடுவில் 'தி' (dit) என்ற பிரெஞ்சுச் சொல் வரும்; 'என்று அழைக்கப்படும்' என்று அர்த்தம். 1665-இல் பிரான்சிலிருந்து வந்த காரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்களுக்குப் படையிலேயே பட்டப்பெயர் உண்டு. அவர்களில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டப்பெயரும் கூடவே தங்கியது. அப்படி வந்தவர்தான் அந்துவான் ருவா தி தெஜார்தென். அவர் வழிவந்தவர்களில் சிலர் ருவா, சிலர் தெஜார்தென், இன்னும் சிலர் லோசியே. கூடப்பிறந்தவர்களே வேறுவேறு பெயரில் பதிவாகியிருப்பார்கள். ஒரு பெயரில் தடம் அறுந்தால் அடுத்த பெயரில் தேடுங்கள்.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்பதும் தப்புக்கணக்குதான். 1657-இல் மணந்த பியேர் ட்ராம்ப்ளே, ஒசான் அஷோன் தம்பதியிடம்தான் கியூபெக்கின் ட்ராம்ப்ளேக்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்ச் சேர்கிறார்கள். ருவாக்கள் அப்படியில்லை, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பல ருவாக்கள் வந்து குடியேறினார்கள்.

ஞானஸ்நானப் பதிவில் 'ஜோசஃப் ஒக்தாவ் அல்ஃபோன்ஸ்' என்று இருந்தால் ஜோசஃபைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். ஆண் குழந்தைக்கு ஜோசஃப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். நடுவில் வருவது பெரும்பாலும் ஞானத்தந்தையின் பெயர். வீட்டில் கூப்பிட்டது அல்ஃபோன்ஸ். கல்யாணப் பதிவிலும் அநேகமாக அல்ஃபோன்ஸ்தான். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பதும் உண்டு. எனவே கிடைத்த முதல் ஞானஸ்நானத்தோடு நிறுத்திவிடாமல், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடக்கப் பதிவையும் பாருங்கள்.

பெண்களைக் கணவர் பெயரில் தேட வேண்டாம். கத்தோலிக்கப் பதிவேடுகளில் அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் மணக்கிறார்கள், அதே பெயரோடுதான் அடக்கமாகிறார்கள். தேடுபவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

ஆகவே, பெயரைவிடக் கல்யாணப் பதிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மணமகன், மணமகள் இருவரின் பெற்றோரும் அதில் இருப்பார்கள்; தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்குக் கோவிலில் நடக்கும். மாப்பிள்ளை ஊரில் இல்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். மறுமணம் என்றால் பெற்றோருக்குப் பதிலாக இறந்துபோன துணையின் பெயரே இருக்கும் வாய்ப்பு அதிகம். முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டும். பெயருக்கு முன்னால் 'ஃபு' (feu) என்று இருந்தால் அதையும் பெயரோடு சேர்த்து எழுதிக்கொள்ளாதீர்கள். 'காலஞ்சென்ற' என்று அர்த்தம்.

அப்புறம், அச்சில் வந்த பட்டியலோடு திருப்திப்படாதீர்கள். சிப்ரியான் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை 7 தொகுதிகளாகக் கொண்டுவந்த வம்சாவளி அகராதி அரிய உழைப்பு. ஆனால் அதிலும் பிழைகள் உண்டு. மூலப் பதிவின் படத்தைத் திறந்து கடைசி வரிவரை வாசியுங்கள். பாதிரியார் மேலே ருவா என்று எழுதியிருக்கலாம். கீழே மணமகன் தன் கையாலேயே தெஜார்தென் என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம்.