தோல் டாக்டரிடம் மனசையும் சொல்லுங்கள், மார்க் போட்டே சொல்லுங்கள்

பெம்பிகஸ், டேரியர், இக்தியோசிஸ் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு தோல் நோய் வந்துவிட்டால், டாக்டர் முன்னால் உட்காரும் கொஞ்ச நேரமும் புதுக் கொப்புளம் எங்கே, களிம்பு ஒழுங்காகப் போடுகிறீர்களா என்பதிலேயே போய்விடும். ராத்திரி தூக்கமில்லை, நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகவே பிடிக்கவில்லை என்பதெல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அதனால் எழுதி எடுத்துப் போங்கள்.

தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளப்பதற்கென்றே டி.எல்.க்யூ.ஐ (DLQI) என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, பிரிட்டனின் கார்டிஃபில் ஃபின்லே, கான் என்ற இருவர் உருவாக்கி 1994-இல் வெளியிட்டது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பத்தே கேள்விகள்: அரிப்பு, கூச்சம், உடுத்தும் துணி, வேலை, தாம்பத்தியம், சிகிச்சையே தரும் தொல்லை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 10-ஐத் தாண்டினால் நோய் வாழ்க்கையைப் பெரிதாகவே பாதிக்கிறது என்று கணக்கு. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. தோலைக் காட்டக் கூச்சப்பட்டு நீச்சலையே விட்டுவிட்டவர் விளையாட்டுக் கேள்வியில் 'பொருந்தாது' என்று டிக் அடித்தால் அதற்கு மார்க் சைபர்! அந்த மாதிரி இடத்தில் 'நோயால்தான் விட்டேன்' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நோய் அடங்கியிருக்கும் வாரம், கிளம்பியிருக்கும் வாரம் இரண்டிலும் நிரப்பித் தேதி போட்டு வையுங்கள்.

மனச்சோர்வை இது சரியாகப் பிடிக்காது. அதற்கு பி.எச்.க்யூ-9 (PHQ-9) என்று இன்னொரு கேள்வித்தாள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். மொத்த மார்க் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒன்பதாவது கேள்வி செத்துவிடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு சைபர் தவிர வேறு எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாப் பாரத்தையும் 'எனக்கு மனவலிமை இல்லை' என்று தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பெம்பிகஸுக்குத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலோ அழுகையோ வரவைக்கும். மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. டேரியர் நோயில் பழுதாகும் ஏடிபி2ஏ2 மரபணு மூளையிலும் வேலை செய்வது, அந்நோய் உள்ளவர்களிடம் மனநிலைக் கோளாறுகள் கூடுதலாகவே காணப்படுகின்றன. அரிப்பும் ராத்திரியில்தான் ஏறும். தூக்கம் போனால் பகலெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அதனால் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதையும் குறித்துக் காட்டுங்கள்.

வெளியே போனால் கேள்வி வரும். இரண்டு பதில் தயாராக இருக்கட்டும். முன்பின் தெரியாதவருக்கு: "தோல் நோய்ங்க, ஒட்டுவாரொட்டி இல்லை." இதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம், முழுக்கதை சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. பழகியவருக்குக் கொஞ்சம் விவரமாக, கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்: "முதுகுக்கு மட்டும் எனக்குக் கை எட்டாது, களிம்பு போட்டுவிட முடியுமா?" பாவம் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியாததுதான் பிரச்சினை. தொட்டால் வலிக்குமோ என்று பயந்து ஒதுங்கும் வீட்டாருக்கும் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று நேரடியாகக் காட்டிவிடுங்கள்.