போல்ட்டின் தலையைப் படித்துவிட்டு இறுக்குங்கள்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் மேலே போகுமுன் ஸ்பானரை எடுத்து எல்லா போல்ட்டையும் ஒரே பலத்தில் இறுக்குபவர்கள் நம் சேலத்தில் நிறையப் பேர். அது வேண்டாம்.

போல்ட் தலையில் 8.8 என்றிருந்தால் அது பலமான எஃகு. எண்ணெய் படாத 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகும் விசையின் அளவு) போதும். ஏ2-70 என்றிருந்தால் ஸ்டெயின்லெஸ். அதே அளவுக்குச் சுமார் 18தான். பளபளப்பாக இருப்பதால் பலமும் அதிகம் என்று நம்பிவிடுகிறோம்! வேகமாகத் திருகினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மரை பிடிக்காமலிருக்க வழுக்கும் பசை (ஆன்டி-சீஸ்) தடவி, மெதுவாகத் திருகுங்கள்.

போல்ட் எஃகாக இருந்து, அது இறங்கும் இடம் அலுமினியம் என்றால்? இன்ஜின் கவர் அப்படித்தான். பலவீனமான பக்கத்துக்கு ஏற்றபடிதான் இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் மரை உரிந்துவிடும். பித்தளைக்கும் கை இலகுவாக இருக்கட்டும்.

அப்புறம், மரையில் எண்ணெயோ பசையோ பட்டால் உராய்வு குறையும். அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். அப்போது கால் பங்கு குறைத்து வையுங்கள். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால், நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.