மிரண்ட நாய்க்கு இடைக்கால வீடு: வந்த நாள் முதல் வழியனுப்பும் நாள் வரை

மீட்கப்பட்ட பெண் நாய் ஒன்றை, தத்துக் கொடுக்கும் வரை வீட்டில் வைத்துக்கொள்ள முன்வருகிறவர்கள் ‘கடித்துவிடுமோ’ என்றுதான் முதலில் கேட்பார்கள். மிரண்ட சுபாவமுள்ள நாயென்றால் ‘ஓடிவிடுமோ’ என்றும் கேட்டாக வேண்டும். வண்டிக் கதவு திறக்கும் இரண்டு விநாடியில் நழுவியவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பயனில்லை. அந்தப் பெயரே நேற்று வைத்ததாக இருக்கும்.

சாதாரணக் கழுத்துப்பட்டையை நம்பாதீர்கள். பயந்த நாய் பின்வாங்கும். தலையைத் தாழ்த்தி ஒரு உலுக்கு உலுக்கினால் பட்டை காதைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்டிங்கேல் பட்டை ஒன்று வேண்டும். கூடவே, விலா எலும்பு முடிகிற இடத்தில் இடுப்பைச் சுற்றி மூன்றாவது வார் வருகிற ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்க்கச்சை) ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். பட்டையில் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருக்கட்டும். தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று அன்றே பாருங்கள். வீட்டுக்குள் ஒரே சட்டம்: அவளுக்கும் வெளியுலகுக்கும் நடுவே எப்போதும் ஒரு கதவாவது மூடியிருக்க வேண்டும்.

முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஒரு சிறிய அறையைக் கொடுங்கள். கட்டில், அலமாரி இவற்றின் அடிப்பகுதியை அட்டையால் அடைத்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும், அந்த ஒரு இழுப்பு ஒரு வார உழைப்பைக் கெடுத்துவிடும். ஒளிய இடமே இல்லாமலும் செய்யக்கூடாது. மூன்று பக்கமும் துணி போர்த்திய கூண்டு ஒன்றை, கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் போடுங்கள். தண்ணீர் பக்கத்தில், சிறுநீர் விரிப்பு எதிர்க் கோடியில். வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனித்தனியாகவே வையுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் போன்றவை தொற்றிய பிறகும் சில நாள் வெளியே தெரியாது.

முதல் மூன்று நாள் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. உணவு, தண்ணீர், சுத்தம், மற்றபடி அமைதி. அழுக்காக இருக்கிறாளே என்று குளிப்பாட்ட வேண்டாம். அவசர மருத்துவத் தேவை தவிர எதற்கும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டாம். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். 48 மணி நேரம் தாண்டியும் தட்டைத் தொடவில்லை, அல்லது 24 மணி நேரமாகத் தண்ணீரோ சிறுநீரோ இல்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியாக இருந்தால் இவ்வளவு காத்திருக்கவே கூடாது.

ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள், எந்தச் சத்தத்துக்கு ஒடுங்கினாள். ஒரு நாளுக்கு நான்கு வரி போதும். ‘பயந்தாள்’ என்று எழுதாமல் ‘குக்கர் விசிலுக்குக் கூண்டுக்குள் போனாள், 20 நிமிடம் கழித்து வந்தாள்’ என்று எழுதுங்கள். அதே விசிலுக்கு அடுத்த மாதம் 2 நிமிடத்தில் வெளியே வந்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

அசையாமல் கிடக்கும் நாயை ‘சாது’ என்று சொல்லிவிடுவது பலரும் செய்யும் பிழை. வாலை ஒடுக்கி, உதட்டை நக்கி, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டு, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய உங்களைப் பார்க்கிறாள் என்றால் அது உறைந்துபோன பயம். அந்த நேரத்தில் தடவினால் பொறுத்துக்கொள்வாள், கற்றுக்கொள்ள மாட்டாள்.

நெருங்குவதற்கு நல்ல வழி, அவளை நெருங்காமலிருப்பது. தினம் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், அவளுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். நேராகப் பார்க்காதீர்கள். சுண்டுவிரல் நக அளவில் வேகவைத்த கோழித் துண்டுகளை அவளுக்குப் பின்னால் விழும்படி வீசுங்கள். உள்ளங்கையில் வைத்து நீட்டினால் பசி முன்னே இழுக்கும், பயம் பின்னே இழுக்கும். துண்டைக் கவ்விய பிறகுதான் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று உறைத்துத் திடுக்கிடுவாள், சில சமயம் கடியும் விழும். பின்னால் எறிந்தால் விலகிப் போய்த் தின்றுவிட்டு, அவளாகவே திரும்பி இரண்டடி முன்னால் வருவாள். அந்த இரண்டடியை அவளே தீர்மானிக்கிறாள்.

முகர்ந்து பார்த்து, உடம்பு தளர்ந்து, உங்கள் மேல் சாயத் தொடங்கிய பிறகு கை வைக்கலாம். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ மூன்று விநாடி சொறியுங்கள், கையை எடுத்துவிடுங்கள். மறுபடி முட்டினால் இன்னொரு மூன்று விநாடி. திரும்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இடியோசைக்கு நடுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. தாராளமாக உட்காருங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் கடி நேரலாம். அப்போது காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

அனுபவமுள்ளவர்களே சறுக்குகிற இடம் இனிதான். நாய் ஒருவரிடம் ஒட்டிக்கொள்கிறது, அவருக்கும் உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பவள் அவள்தான். ஆகவே மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டில் வேறொருவரும் சோறு வைக்கட்டும். வாரம் ஒருமுறை புதிய ஆள் ஒருவர் வந்து, அவளைக் கண்டுகொள்ளாமல் துண்டுகளை மட்டும் வீசிவிட்டுப் போகட்டும். ‘வா’, ‘இரு’, ‘உள்ளே போ’ என்று மூன்று நான்கு சொற்களை மட்டும், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். தனிமைக்குப் பழக்குவதை 5 விநாடியில் தொடங்குங்கள்: கதவுக்கு வெளியே போய், அவள் பதறுமுன் திரும்புங்கள். பிறகு 30 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம். ஊளையிட்டால் முந்தைய அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

தத்துக்கான அறிமுகக் குறிப்பில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வீட்டில் குழந்தையே இல்லாதபோது ‘குழந்தைகளோடு நன்றாகப் பழகுவாள்’ என்று எழுதினால், திரும்பி வரப்போகும் நாயை அனுப்புகிறீர்கள் என்று பொருள். வருகிறவர்களிடம் கேட்க வேண்டியவை: வாசல் கதவு நேராகத் தெருவுக்குத் திறக்கிறதா, சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், ஒரு மாதம் தொட முடியாவிட்டால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற முகமாற்றத்தைப் பாருங்கள், பதிலைவிட அது உபயோகமானது.

குறைந்தது மூன்று சந்திப்பு நடக்கட்டும்: ஒன்று அவளுக்குப் பழகிய நடைப்பாதையில், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அவர்கள் வீட்டில் உங்களோடு. ஒப்படைப்பை அவர்களுக்கு இரண்டு நாளாவது விடுமுறை இருக்கும்போது, காலையில் வையுங்கள். பயணத்துக்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிட வேண்டும். துவைக்காத போர்வை, அவள் சாப்பிட்டுப் பழகிய உணவு ஏழு நாளுக்கு, தடுப்பூசி அட்டை, இரண்டு கயிறும் ஹார்னஸும், அவளுக்குப் பழக்கிய அந்தச் சில சொற்கள், தினசரி நேர அட்டவணை எல்லாம் பையில் போகட்டும். மைக்ரோசிப் பதிவை அன்றே மாற்றுங்கள். ஒத்துவராவிட்டால் அவளை மீட்ட அமைப்புக்கே அவள் திரும்ப வருவாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விடைபெறுதலைச் சுருக்குங்கள். நீங்கள் அழுதால் அவளுக்கு அது இன்னொரு புதுச் சத்தம். வண்டி போன பிறகு அழுங்கள். முதல் சில வாரம் நேரில் போகாமல் படங்களோடு திருப்திப்படுவது நல்லது. ஒரே விதிவிலக்கு, அவள் தப்பி ஓடினால். அப்போது யாரும் துரத்தாமல், கடைசியாகப் பார்த்த இடத்தில் அந்தப் போர்வையோடும் கோழித் துண்டுகளோடும் நீங்கள் போய்ப் பக்கவாட்டில் உட்கார வேண்டும்.

முதல் இரவு எப்படியும் ஒரு செய்தி வரும்: ‘சோபாவுக்கு அடியில் போய்விட்டாள், எதையும் தொடவில்லை. எங்களைப் பிடிக்கவில்லையா?’ குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.