ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஆர்க்கிட்: ஈரப்பதம் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் அத்தை வீட்டு வராந்தாவில் யாரும் பெரிதாகக் கவனிக்காமலே பூத்துக் குலுங்கும் ஆர்க்கிட், ஜோகன்னஸ்பர்க் ஃபிளாட்டுக்கு வந்ததும் ஏன் இலை சுருங்கி மொட்டை உதிர்க்கிறது? வேலைக்காக இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. டர்பன் இந்தியப் பெருங்கடலின் கரையில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். இங்கே மழை கோடையில்தான் பெய்யும். மே முதல் செப்டம்பர் வரை வானம் வறண்டு கிடக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊர் ஆகஸ்ட் மாதத்துக்கும் அப்படியே பொருந்தும். கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் அந்த நாட்கள்தான் செடிகளுக்கு மிகக் கடினமான நாட்கள்.

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் வகையைப் பற்றியே இங்கே பேசுகிறேன். 50 முதல் 70 சதவீத ஈரப்பதம் அதற்கு உகந்தது. 40 சதவீதத்திலும் அது சமாளித்துக்கொள்ளும். 20 சதவீதம் என்றால் திணறிப்போகும். அந்த எண்ணை உயர்த்தும் அவசரத்தில் நாம் செய்யும் காரியங்கள் பல நேரங்களில் வறண்ட காற்றைவிட அதிகத் தீங்கு செய்துவிடுகின்றன. காற்றில் நீரைச் சேர்ப்பதற்கு முன் காற்றை உலர்த்துவதை நிறுத்துங்கள் என்பதே நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது.

ஹீட்டரை மறந்துவிடுவது

வெளியே 4 டிகிரி குளிர், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறத்தாழ 24 சதவீதமாகக் குறைந்துவிடும். 24 டிகிரி வரை சூடாக்கினால் 16 சதவீதம்தான் மிஞ்சும். காற்றில் இருக்கும் நீரின் அளவு மாறவே இல்லை. சூடேறிய காற்றால் இன்னும் அதிக நீரைத் தாங்க முடியும் என்பதால் இலையிலிருந்தும் வேரிலிருந்தும் அது உறிஞ்சத் தொடங்குகிறது. நாம் சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சுவிடுவதாலும் வீட்டுக்குள் எண் சற்று உயரும் என்பது உண்மை. ஆனாலும் ஹீட்டரை ஆறு டிகிரி குறைப்பது ஒரு துளி நீர் செலவில்லாமல் கிடைக்கும் ஈரப்பதம். ஃபலனாப்சிஸுக்கு இரவில் 17, 18 டிகிரி போதும். நமக்கு ஒரு கம்பளி கூடுதலாகத் தேவைப்படலாம், அவ்வளவுதான்.

இரவு என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொள்ளும். ஃபலனாப்சிஸோ அன்னாசி, கள்ளி போன்ற வழக்கம் உடையது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. ஆகவே அது நீரை இழப்பதும் பெரும்பாலும் இரவில்தான். காலையில் செடிக்கு மேல் தண்ணீர் தெளித்து, இரவு முழுவதும் படுக்கையறையில் விசிறி ஹீட்டரை ஓடவிடுகிறவர்கள், செடிக்கு உதவி தேவைப்படாத நேரத்தில் உதவி, தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். எந்த ஹீட்டராக இருந்தாலும் அதன் வெப்பக்காற்று செடியின் மேல் நேராகப் படக்கூடாது.

எரிவாயு ஹீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும் என்பதால் அது காற்றை உலர்த்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். நீராவி உண்டாவது சரிதான். ஆனால் சரியாக எரியாத சுடர் எத்திலீன் வாயுவையும் வெளியிடும். ஆர்க்கிட் மொட்டுகள் மஞ்சளித்து உதிர அந்த வாயு மிகச் சிறிய அளவே போதும். மூடிய அறையில் அந்தச் சுடர் மனிதர்களுக்கும் ஆபத்து, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீனை வெளியிடுபவைதாம். பழக்கூடையைப் பூச்செடியின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தெளிப்பானையும் கூழாங்கல் தட்டையும் நம்பியிருப்பது

எளிய கணக்கு ஒன்று. நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் கொண்ட அறையில் 40 கன மீட்டர் காற்று இருக்கிறது. 20 டிகிரியில் அதன் ஈரப்பதத்தை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 170 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அதோடு முடிவதில்லை. மணிக்கு ஒருமுறை அறைக் காற்றில் பாதி வெளியேறி, வறண்ட காற்று உள்ளே வருமானால், ஒவ்வொரு மணிக்கும் இன்னும் 85 கிராம் அளவுக்கு நீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மணி நேர இரவுக்கு இது சுமார் 700 கிராம்.

தெளிப்பானை நாலைந்து முறை அழுத்தினால் வெளிவருவது சில கிராம். அது கால்மணி நேரத்தில் காணாமல் போய்விடும். ஃபலனாப்சிஸின் இலைகள் கூடும் நடுக்குருத்தில் தேங்கிய நீர் மட்டும் போகாமல் நிற்கும். குளிர்ந்த இரவில் அந்த நீர் குருத்தை அழுகவைத்தால் செடியின் வளர்முனையே போய்விடும். அதன்பின் பிழைப்பது அபூர்வம். தெளித்தே ஆக வேண்டும் என்றால் காலையில் தெளியுங்கள். குருத்தில் நீர் நின்றால் டிஷ்யூ தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

கூழாங்கல் தட்டு தீங்கு செய்யாது, பெரிய நன்மையும் செய்யாது. சிறிய தட்டிலிருந்து ஓர் இரவில் ஆவியாவது சில பத்து கிராம்தான்; செடியை ஒட்டிய காற்றில் ஓரிரு சதவீதம் கூடலாம். அதில் நடக்கும் உண்மையான தவறு, தொட்டியின் அடிப்பாகம் நீரைத் தொடும்படி வைப்பது. தொட்டி கல்லின் மேல் உட்கார வேண்டும், நீர்மட்டம் கல்லுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலான உதவி நம் வீட்டிலேயே இருக்கிறது. துவைத்த துணியை அறைக்குள் மடக்கு ஸ்டாண்டில் உலர்த்தினால், ஒரு முழுச் சுற்றுத் துணியிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் கலக்கலாம். செடிகள் இருக்கும் அறையில் மாலையில் துணியைப் போடுங்கள். இரவுக்குத் தேவையானது கிடைத்துவிடும். செடிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பதும் சற்றே உதவும். குளியலறையில் வைப்பது உதவாது. அங்கே ஈரம் அரைமணி நேரம்தான் நிற்கிறது, வெளிச்சமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

காற்று வறண்டால் வேருக்கு ஊற்றுவது

செடிகளைக் கொல்லும் தவறு இதுதான். இலை சுருங்குகிறது, உடனே கை தண்ணீர்க் குவளையைத் தேடுகிறது. வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். இலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள்.

ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வருவது இந்த வகையில் வசதி. வேரைச் சுற்றி வேலாமென் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளியாக வெளுத்திருக்கும். நனைந்ததும் சில நொடிகளில் பச்சையாக மாறும். தொட்டிச் சுவரை ஒட்டிய வேர்கள் வெளுத்த பிறகே நீர் ஊற்றலாம். பழுப்பேறிய வேரை விரல்களால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. தோல் வழுக்கிக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் போய்விட்டது, சுத்தமான கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாக வாங்கிய செடியில் வெளியே மரப்பட்டைத் துண்டுகள் தெரிந்தாலும், நடுவில் நாற்றுப் பருவத்தில் வைத்த ஸ்பாக்னம் பாசி உருண்டை அப்படியே இருக்கலாம். மேலே காய்ந்து, உள்ளே நாட்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு மூங்கில் குச்சியை நடுவரை செருகி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அழகுக்காக வைக்கும் வெளித்தொட்டியில் நீர் தேங்கியிருந்தாலும் இதே கதிதான். காற்றுக்கு ஈரம் வேண்டும், வேருக்கு ஈரமும் காற்றும் மாறி மாறி வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணும் வரை எந்தக் கருவியும் உதவாது.

சுவரில் பூஞ்சணம் வரவழைப்பது

வாடகை வீட்டில் இது பணப் பிரச்சினையும்கூட. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடியேறும் முன்பும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். நாம் உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்யும் நியாயமான செலவை அவர் முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். எனவே முதல் பார்வையின்போதே சுவர் மூலைகளையும் ஜன்னல் சட்டங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு முழுவதும் 70 சதவீதம் கொண்டுவர முயல வேண்டாம். 50 சதவீதம் போதும், செடி இருக்கும் மூலையில் மட்டும் இருந்தால் போதும். காலையில் கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிந்தால், அதுவே நிறுத்தச் சொல்லும் அறிகுறி. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருவதால் தெற்குச் சுவர்தான் குளிர்ந்து கிடக்கும்; பூஞ்சணம் முதலில் அங்கே, அலமாரிக்குப் பின்னால் பிடிக்கும். செடிகளை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட குறிப்பில் தெற்கு ஜன்னல் என்று இருந்தால் இங்கே வடக்கு என்று கொள்ளுங்கள். கிழக்கு ஜன்னல் ஃபலனாப்சிஸுக்கு எல்லாவற்றிலும் நல்லது.

செடியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவைப்பதும் தவறு. ஈரம் கூடும், ஆனால் காற்றோட்டம் நின்றுவிடும்; இதழ்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பரவும். மேற்பக்கம் திறந்த பழைய மீன் தொட்டி ஒன்றில் செடிகளை நிறுத்துவது நல்ல மாற்று. சுவரில் ஆணி அடிக்கத் தேவையில்லை, வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹியூமிடிஃபையர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மீயொலியால் (அல்ட்ராசோனிக்) புகை போல நீரைப் பீச்சும் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், நீரிலுள்ள உப்புகள் வெண்தூளாக இலையிலும் மரச்சாமான்களிலும் படியும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் இதற்குத் தீர்வாகாது, காய்ச்சும்போது பெரும்பாலான உப்புகள் நீரிலேயே தங்கிவிடுகின்றன. வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள், அல்லது திரியில் நீரை ஊறவைத்து விசிறியால் ஆவியாக்கும் வகையை வாங்குங்கள். எதுவானாலும் சில நாட்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அழுக்கு நீரை நாம் சுவாசிப்போம்.

எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மலிவான ஈரப்பதமானிகள் பத்து சதவீதம் வரைகூடத் தவறலாம். பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாமல் குழையும் அளவுக்குச் சில துளி நீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், இனி படிக்கும் எண்ணோடு ஏழைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லா ஆர்க்கிடுக்கும் இதே வைத்தியம் இல்லை. குவாசுலு-நட்டால், லிம்போபோ பகுதிகளில் மரக்கிளைகளில் இயற்கையாக வளரும் அன்செல்லியா ஆஃப்ரிகானா என்ற சிறுத்தை ஆர்க்கிட் வறண்ட குளிர்காலத்துக்குப் பழகியது; அந்த மாதங்களில் அதற்கு ஓய்வு வேண்டும். அதைக் காட்டிலிருந்து பறிப்பது சட்டவிரோதம், நாற்றங்காலில் வளர்த்த செடியையே வாங்குங்கள். டேபிள் மலையின் ஓடைக்கரைகளில் பூக்கும் சிவப்பு டைசா என்ற ஆர்க்கிடுக்கோ வேரில் குளிர்ந்த நீர் ஓயாமல் வேண்டும். டென்ட்ரோபியம் நோபைல் வகைகளும் குளிர்காலத்தில் நீர் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும்.

அக்டோபரில் மாலை இடிமழை தொடங்கியதும் மீட்டர் தானாகவே 50ஐத் தாண்டும். அப்போது ஹியூமிடிஃபையரை நிறுத்திக் கழுவி, நன்றாக உலர்த்தி எடுத்துவைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.