அபிங்கை வரையப் போகிறீர்களா?

பார்வையற்ற தெருக் கலைஞர் என்றதும் நம் கை தானாகவே கூனிய முதுகையும் சோக முகத்தையும் வரைய ஆரம்பித்துவிடும். சீனாவின் வூசி நகரத்துத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த ஹுவா யான்ஜுனை, அதாவது அபிங்கை (1893–1950), தயவுசெய்து அப்படி வரையாதீர்கள். அவர் ஊர்ச் செய்திகளைப் பாட்டாகக் கட்டி, தேநீர்க்கடை வாசலில் கூட்டத்தை நிறுத்தி வைத்தவர். பார்வை போனது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான், அதனால் தெரு எப்படி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

முகத்துக்கு ஆதாரம் குறைவு. அவருடையது என்று எல்லோரும் காட்டுவது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம். வட்டக் கண்ணாடி, ஒட்டிய கன்னம், அவ்வளவுதான். அதையே பெரிதாக்கி நகலெடுக்காமல், உழைப்பை எல்லாம் கைகளிலும் கருவியிலும் போடுங்கள்.

அவர் வாசித்த எர்ஹுவில்தான், அதாவது இரண்டு தந்தி உள்ள சீன வில் வாத்தியத்தில்தான், பலரும் சறுக்குகிறார்கள். வயலின் மாதிரி வில்லைத் தந்திகளுக்கு மேலே வைத்து வரைந்தால் படமே போச்சு; வில்லின் குதிரைமுடி இரண்டு தந்திகளுக்கும் நடுவில் புகுந்திருக்கும், வில்லைத் தனியாக உருவி எடுக்க முடியாது. வலது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். இடது விரல்கள் தந்தியை மட்டும் அழுத்தும், பின்னாலிருக்கும் தண்டைத் தொடாது, அந்த இடைவெளி படத்தில் தெரிய வேண்டும். கீழே இருக்கும் ஒலிப்பெட்டியின் முகத்தில் மலைப்பாம்புத் தோல், வில் உரசும் இடத்தில் வெள்ளையாய் ரோசின் (வில்முடியில் தேய்க்கும் பிசின்) தூள். அவர் காலத்துத் தந்தி பட்டு, எனவே உலோகப் பளபளப்பு வேண்டாம்.

அப்புறம் தலை. பார்வையுள்ளவர் விரலைக் குனிந்து பார்ப்பார், இவருக்கு அந்தத் தேவையே இல்லை. முகத்தை விரல்களிலிருந்து விலக்கி, ஒரு காதைப் பெட்டியின் பக்கம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், கேட்கிறார் என்பது உடனே புரியும். நடந்துகொண்டே வாசிப்பதாக வரைந்தால் எர்ஹு இடுப்போடு சேர்ந்திருக்கட்டும், பிப்பா என்ற நான்கு தந்தி மீட்டு வாத்தியம் முதுகில் தொங்கட்டும், வழிகாட்டும் மனைவி தோங் சுய்தியும் கூட வரட்டும்.

பின்னணிக்கு வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, கால்வாய் போதும். நிலவு மட்டும் வேண்டாம். அவருடைய புகழ்பெற்ற எர்ஹு இசைக்கு நிலவைச் சொல்லும் தலைப்பு அமைந்ததே 1950இல் இசை ஆய்வாளர் யாங் யின்லியு ஒலிப்பதிவு செய்தபோதுதான். தெருவில் அதை நிலையான பெயர் எதுவும் இல்லாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.